தங்கராசு நின்ற பெட்ரோல் வரிசை

என் சம்பந்தி தங்கராசு எட்டு வருஷம் அமெரிக்காவில் இருந்தவர். இதை இன்றைக்கு நானே என் கையால் எழுதுகிறேன். 2007-ஆம் வருஷம் ஆடி மாதத்தில் இதே சங்கதியைச் சின்னையன் வந்து சொன்னபோது, நான் அவனை நாற்காலியில்கூட உட்காரச் சொல்லவில்லை.

சின்னையன் எங்களுக்கு ஒன்றுவிட்ட உறவு. எந்த வீட்டில் பெண் இருக்கிறது, எந்த வீட்டில் மாப்பிள்ளை இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டு திரிவது அவனுக்குப் பொழுதுபோக்கு. என் மகன் அறிவழகனுக்கு அப்போது இருபத்தெட்டு நடந்துகொண்டிருந்தது.

"மாமா, சிதம்பரத்துல ஒரு பொண்ணு. இலக்கியான்னு பேரு. பாலிடெக்னிக்ல பாடம் எடுக்குது. அப்பா தங்கராசு, மெஸ்ஸு வச்சிருக்காரு. நம்ம ஆளுங்கதான், காட்டுமன்னார்கோயில் பக்கம் பூர்வீகம். மனுசன் அமெரிக்காவுல எட்டு வருசம் இருந்தவரு."

"எந்த வருசம்?"

"எழுவத்தி ஒன்னுலேருந்து எழுவத்தி ஒம்போது வரைக்கும்."

"அமெரிக்காவுல இருந்தவன் எதுக்குடா சிதம்பரத்துச் சந்துல மெஸ்ஸு வச்சிருக்கான்?"

சின்னையன் தலையைச் சொறிந்தான். எனக்கு அங்கேயே உறுத்திவிட்டது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது புரியாது. ராஜமாணிக்கம் என்றால் கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், எல்லாருக்கும் தெரியும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டது. துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன், லாரி ஓட்டினேன், ஓட்டை லாரி ஒன்று வாங்கினேன். இப்போது என் வீட்டுக்காரி பேரில் தில்லையம்மாள் டிரான்ஸ்போர்ட், பதினோரு வண்டி. ஒரு வண்டிகூட அப்பன் பாட்டன் கொடுத்ததில்லை. டீசலை விரலில் தொட்டு மோந்து பார்த்தே மண்ணெண்ணெய் கலந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். டிரைவர் பொய் சொல்கிறானா என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி உண்டு. ஒரே கேள்வியை நாள் விட்டு மூன்று தடவை கேட்பேன். பொய் என்றால் மூன்றாவது தடவை எங்கேயாவது நெளியும். இருபத்தைந்து வருஷத்தில் இந்த வழி என்னைக் கைவிட்டதே இல்லை.

பெண் எடுப்பதற்கு முன்னால் விசாரிப்பது என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதை நான் ஆள் விட்டுச் செய்வதில்லை. நானே போவேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில் ஒரு மஞ்சப் பையோடு, சாதாரண ஆள் மாதிரி பஸ் ஏறிச் சிதம்பரம் போய் இறங்கினேன்.

முதலில் மெஸ்ஸுக்கு எதிரே இருந்த வெற்றிலைக் கடை. கடைக்காரர் பெயர் அய்யனார். பன்னீர்ப் புகையிலை வாங்குவது மாதிரி பேச்சுக் கொடுத்தேன்.

"எதிர்க்கடைக்காரரு அமெரிக்கா ரிட்டனாமே?"

"எட்டு வருசம் ஆளு ஊர்ல இல்ல, அது நெசம்" என்றார் அய்யனார். "கலிபோர்னியாவுல இருந்தாரோ, கேப்பர் மலைல இருந்தாரோ, யாரு கூடப் போயிப் பாத்தா?"

கேப்பர் மலை என்றால் எங்கள் ஊர் மத்திய சிறைச்சாலை. மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் ரோட்டைக் கடந்தேன்.

மெஸ்ஸுக்குள் போனேன். மதியச் சாப்பாட்டு நேரம். இலை போட்டார்கள். சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நான் சாப்பாட்டைவிட ஆளைத்தான் கவனித்தேன். தங்கராசு ஒல்லியான மனிதர், முழுக்கை சட்டை. வேலை இல்லாத நேரத்தில் கடைசி மேசையில் வாசலைப் பார்த்தபடி உட்காருவார். வாசலில் யாராவது காக்கிச் சட்டை போட்டவன் போனால், அவன் தபால்காரனாக இருந்தாலும் சரி, கண் அவன் பின்னாலேயே போகும். டம்ளரை மேசையில் வைத்தால் சத்தமே கேட்காது, பூனை மாதிரி. சாப்பாடு முடிந்து காபி கொடுத்தார். பாதிகூடக் குடிக்கவில்லை, கெட்டிலோடு வந்து கேட்காமலேயே டம்ளரை நிரப்பினார்.

"நான் ஒன்னுதான கேட்டேன்?"

"ரெண்டாவதுக்குக் காசு கெடையாதுங்க. வேணுங்கிற அளவுக்குக் குடிக்கலாம்."

எந்தக் கடைக்காரன் சும்மா ஊற்றுவான்? இதில் என்னவோ இருக்கிறது என்று நான் அந்தக் காபியை மோந்து பார்த்தேன். நல்ல காபிதான். அதுவே எனக்குச் சந்தேகத்தை ஜாஸ்தி ஆக்கியது.

"அமெரிக்காவுல இருந்தீங்களாமே, எப்படி ஊரு?"

அவர் கெட்டிலை வைத்துவிட்டு உட்கார்ந்தார். சிதம்பரத்தில் இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டு வெகுநாள் ஆகியிருக்க வேண்டும். கடகடவென்று சொன்னார்.

எட்டாவது படித்துவிட்டு மெட்ராஸில் ஓட்டல் வேலை. லால்பேட்டை சிநேகிதர் ஒருவர் மூலமாகச் சரக்குக் கப்பலில் சமையல்கட்டு வேலை. பால்டிமோர் துறைமுகத்தில் பனி கொட்டிய ஒரு நாள் கரைக்கு இறங்கியவர், கப்பலுக்குத் திரும்பவில்லை. லாரிக்காரன் ஒருவன் ஏற்றிக்கொண்டு போய் நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிக்காரர்கள் சாப்பிடும் கடையில் விட்டான். டாரத்தி என்ற விதவை அம்மாவின் கடை. உருளைக்கிழங்கு உரிக்கும் வேலையில் சேர்ந்தவர் அங்கேயே எட்டு வருஷம்.

"அமெரிக்கான்னா பாலும் தேனும்னு நெனைக்கிறாங்க. நான் இருந்தப்ப பெட்ரோலுக்கு ரெண்டு மைல் வரிசைங்க. எழுவத்தி ஒம்போதுல, வண்டி நம்பர்ல கடைசி எண் ஒத்தப்படையா இருந்தா ஒத்தப்படைத் தேதில மட்டும்தான் பெட்ரோல். ரெட்டைப்படைன்னா மறுநாள் வரணும். டாரத்தியம்மாவோட வேனை எடுத்துக்கிட்டு விடியக்காலம் அஞ்சு மணிக்குப் போயி நின்னேன். பிளாஸ்க்குல காபி கொண்டு போயி முன்னாடி நிக்கிறவன், பின்னாடி நிக்கிறவன் எல்லாருக்கும் ஊத்துனேன்."

"அப்புறம்?"

"அன்னைக்கு நம்ம முறை வரலைங்க" என்று எழுந்து கெட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அமெரிக்காவில் பெட்ரோலுக்கு வரிசை! சொல்பவன் சொன்னால் டீசல் வண்டி வைத்திருப்பவனுக்கு மதி வேண்டாமா? சாப்பிட்டதற்குக் காசு கொடுத்துவிட்டு, வந்தது யாருக்கும் தெரியாத மாதிரி வெளியே வந்தேன். வீட்டிலும் சொல்லவில்லை.

இருந்தாலும் தில்லையம்மாளுக்குப் பெண்ணின் போட்டோ பிடித்துவிட்டது. அறிவழகனுக்கு அதைவிடப் பிடித்துவிட்டது, அவன் சொல்லவில்லை என்றாலும் போட்டோ சின்னையன் பையிலிருந்து அவன் சட்டைப் பைக்கு இடம் மாறியிருந்தது. ஆவணியில் பெண் பார்க்கப் போனோம். மெஸ்ஸுக்குப் பின்கட்டுதான் வீடு. தங்கராசு வாசலில் நின்று, "வாங்க மாமா, வாங்க" என்று புது ஆளை வரவேற்கிற மாதிரி வரவேற்றார். அவர் மனைவி ரத்தினம்மாள் என்னை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தார்கள். கண்ணாடி வேலை செய்துவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

பஜ்ஜியும் கேசரியும் வைத்தார்கள். பலகாரம் வாயில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் எங்கள் பக்கம் ஒரு கட்டு உண்டு: சம்பந்தம் முடிவாகும் வரைக்கும் பெண் வீட்டில் இலை போட்டுச் சோறு சாப்பிடக் கூடாது. கை நனைத்துவிட்டால் பெண்ணை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். ரத்தினம்மாள் உபசாரத்துக்கு, "சாப்புட்டுப் போலாமே அண்ணே" என்றபோது நான், "அதுக்குக் காலம் இருக்கு" என்று கெத்தாகச் சொன்னேன்.

இலக்கியா வந்து உட்கார்ந்தது. தலை குனிந்து உட்காரும் பெண் இல்லை. தில்லையம்மாள் கேட்டதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னது. அறிவழகன் காதெல்லாம் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தான். நான் என் வேலையை ஆரம்பித்தேன்.

"அமெரிக்காவுல என்னென்ன பாத்தீங்க?"

"நாட்டுத் தலைவரு பதவிய விட்டுப் போறேன்னு டிவில பேசுனதப் பாத்தேன் மாமா. எழுவத்தி நாலு. கடைல முப்பது லாரிக்காரங்க. ஒருத்தன் கை தட்டுனான். இன்னொருத்தன் எழுந்திரிச்சிப் போயி அவன் தட்டுல காபிய ஊத்துனான். டாரத்தியம்மா மட்டும் அழுதாங்க. 'நான் ஓட்டுப் போட்டுத்தான வந்தாரு'ன்னு."

இது பேப்பர் படித்த யாரும் சொல்லக்கூடியது. வியட்நாம் சண்டையிலிருந்து திரும்பிய டாரத்தியின் மகனைப் பற்றிச் சொன்னார். தட்டு கீழே விழுந்து சத்தம் கேட்டால் அவன் மேசைக்கு அடியில் போய்விடுவானாம். அதனால் கடையில் எல்லாரும் சத்தமில்லாமல் பாத்திரம் வைக்கப் பழகினார்களாம். இதற்கும் சாட்சி கிடையாது. நான் பெட்ரோல் வரிசைக்கு வந்தேன். அதே இரண்டு மைல், அதே விடியற்காலை ஐந்து மணி, அதே பிளாஸ்க்கு.

"அப்புறம்?"

"அன்னைக்கு நம்ம முறை வரல மாமா."

சொல்லிவிட்டு எழுந்துபோய்க் கெட்டிலைக் கொண்டுவந்து எனக்கு மறுபடி காபி ஊற்றினார். நாலு நாள் கழித்து நல்ல நாள் பார்ப்பது பற்றிக் கேட்கிற சாக்கில் போன் செய்து மூன்றாவது தடவையும் கேட்டேன். வார்த்தை பிசகவில்லை. நெளியவும் இல்லை. ஆனால் மூன்று தடவையும் கதை ஒரே இடத்தில், பிரேக் பிடித்த மாதிரி நின்றது. என் அனுபவத்தில் இப்படி ஒன்று வந்ததில்லை. மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன்.

முடிவை உறுதி செய்ய ஒரு ஆள் வேண்டும். என் வண்டி கேஸ்களைப் பார்க்கும் வக்கீல் நடனசபாபதி சிதம்பரத்துக்காரர். அவர் மகன் விஸ்வேஸ்வரன் நியூஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலை, லீவில் வந்திருந்தார். அவரிடம் கேட்டேன்.

"பெட்ரோலுக்கு வரிசையா? ஒத்தப்படை, ரெட்டைப்படையா?" அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "சான்ஸே இல்ல சார். ஆறு வருஷமா இருக்கேன். ரெண்டு நிமிஷத்துல போட்டுண்டு போயிண்டே இருப்பேன். யாரோ உங்களுக்கு நன்னா பூ சுத்தியிருக்கா."

அவ்வளவுதான். சின்னையனைக் கூப்பிட்டு, "பொய் பேசுற வீட்டுல பொண்ணெடுக்க மாட்டேன்னு சொல்லிடு" என்றேன். அவன் அதை அப்படியே சொன்னான், அங்கே மட்டுமில்லை, போன இடத்திலெல்லாம் சொன்னான். இலக்கியாவை விசாரித்துக்கொண்டிருந்த இன்னும் இரண்டு வீட்டார் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். கேப்பர் மலைக் கதை சிதம்பரத்தின் நாலு வீதியும் சுற்றி வந்தது.

என் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு நின்றுபோனது. ஒரு வாரம் கழித்து அறிவழகன் கேட்டான். "வேணாம்னா வேணாம்னு சொல்லிருக்கலாம்ல? பொய்யன்னு எதுக்குப்பா ஊருக்கெல்லாம் சொன்னீங்க?"

"உண்மையத்தான்டா சொன்னேன்."

"எனக்குப் பொண்ணே பாக்க வேணாம்" என்று எழுந்து போனான்.

ஐப்பசியில் ஆபீசுக்கு ஒரு போன் வந்தது.

"மாமா, நான் இலக்கியா பேசுறேன். கல்யாணத்தப் பத்திப் பேசக் கூப்புடல. எங்கப்பா பொய் சொன்னாருன்னு சொன்னீங்களாம். எது பொய்யின்னு சொல்லுங்க."

பதினோரு லாரி வைத்திருப்பவனை ஒரு பெண்பிள்ளை போனில் நிற்க வைத்துவிட்டது. "பெட்ரோல் வரிசை" என்றேன்.

"சரி. பொய்யின்னா நிரூபிச்சிக் காட்டுங்க. இல்லன்னா சொன்ன வார்த்தையத் திருப்பி வாங்கிக்கங்க. எங்கப்பா ரெண்டு மாசமா கடைக்கு முன்பக்கம் வரல. உள்ளயே உக்காந்திருக்காரு."

நிரூபிக்கிறேன் என்று நானும் வீம்பாகச் சொல்லிவிட்டேன். அப்புறம்தான் யோசித்தேன். விஸ்வேஸ்வரனுக்கு வயசு முப்பது. அவருக்கு இரண்டு வயசு ஆகும்போதே தங்கராசு ஊர் திரும்பியாயிற்று. நேற்று வண்டி எடுத்தவனிடம் முப்பது வருஷத்துக்கு முந்தைய ரோட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். இந்தப் பிசகு நானே கண்டுபிடித்தது, யாரும் சொல்லவில்லை. வயசான அமெரிக்காக்காரன் வேண்டும். எங்கே பிடிப்பது? வெள்ளைக்காரர்கள் படகு சவாரிக்குப் பிச்சாவரம் வருவார்கள். மார்கழியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் காரை எடுத்துக்கொண்டு போய்ப் படகுத் துறையில் நின்றேன். இங்கிலீஷ் பேச அறிவழகனையும் கூட்டிக்கொண்டேன். அவன் மறுக்கவில்லை.

முதல் ஞாயிறு ஒரு கிழவரும் கிழவியும் கிடைத்தார்கள். அறிவழகன் பேசிவிட்டு, "பிரான்சுப்பா. பாண்டிச்சேரிலேருந்து வந்திருக்காங்க" என்றான். இரண்டாவது ஞாயிறு ஆறடி உயரத்தில் ஒருவர், ஜெர்மன்காரர். "உங்க அப்பா எதைத் தொலைச்சாரு?" என்று கேட்டாராம். மூன்றாவது ஞாயிறு, கைத்தடியோடு ஒரு கிழவர், கூடவே தொப்பி போட்ட கிழவி. நடராஜர் கோயிலைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். ஓஹையோ என்ற இடமாம், அமெரிக்கா. எழுபத்தைந்து வயசு. அவர் பள்ளிக்கூட பஸ் டிரைவராக இருந்து ரிட்டையரானவர் என்று தெரிந்ததும் எனக்குத் தெம்பு வந்தது. வண்டிக்காரன் வண்டிக்காரனிடம் பொய் சொல்ல முடியாது.

"பெட்ரோல் வரிசையக் கேளு."

அறிவழகன் கேட்டான். கிழவர் முகம் மலர்ந்துவிட்டது. கிழவியைத் தட்டிக் கூப்பிட்டார். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

"இருந்துச்சாம்பா! எழுவத்தி மூணுலயும், மறுபடி எழுவத்தி ஒம்போதுலயுமாம். நம்பர் கணக்கும் இருந்துச்சாம், பல ஊருல."

சொல்லும்போது அவன் குரலே மாறியிருந்தது. எனக்கு உடனே சந்தேகம் வந்தது. பையன் தனக்கு வேண்டியபடி மொழிபெயர்க்கிறானோ? "எனக்குப் புரியற மாதிரி அவரையே காட்டச் சொல்லு" என்றேன். கிழவர் கைத்தடியால் மண்ணில் ஒரு பெட்டி போட்டார், அதற்குள் எண் எழுதினார். கடைசி எண் ஏழு. பக்கத்தில் தேதி மாதிரி பதிமூன்று எழுதி, தலையை ஆட்டினார். பதினாலு எழுதி, கையை விரித்தார். அப்புறம் மண்ணில் ஒன்றன் பின் ஒன்றாகப் பெட்டி பெட்டியாகப் போட்டுக்கொண்டே பத்தடி நடந்து போனார். கிழவி வயிற்றைத் தொட்டுக் காட்டிச் சிரித்தது. நிறைமாதத்தோடு வரிசையில் உட்கார்ந்திருந்ததாம்.

இதையும் இவன் முன்கூட்டியே பேசி வைத்திருந்தால்? என் புத்தி விடவில்லை. கடைசியாக ஒரு கேள்வி வைத்தேன். "ரோட்டோரம் லாரிக்காரங்க சாப்புடுற கடை எப்படி இருக்கும்னு கேளு. வேற ஒன்னும் சொல்லாத."

கிழவர் ஏதேதோ சொன்னார். அறிவழகன் குழம்பிய முகத்தோடு திரும்பினான். "முட்டை, ரொட்டி, உருளைக்கிழங்கெல்லாம் இருக்குமாம். அப்புறம், காபி குடிச்சா கப்பு பாதியாகறதுக்குள்ள அந்தம்மா கெட்டிலோட வந்து ஊத்திடுவாங்களாம். கேக்கவே வேணாமாம். எத்தன தடவ ஊத்துனாலும் ஒரு காபிக்குத்தான் காசாம். இத எதுக்குச் சொல்றாருன்னு தெரியலப்பா."

அவனுக்கு எப்படித் தெரியும்? நான் மெஸ்ஸுக்குப் போனதும், கேட்காமலேயே தங்கராசு என் டம்ளரை நிரப்பியதும் ஒருவருக்கும் தெரியாதே. பெண் பார்க்கப் போனபோது அவனுக்குக் காபி இருந்ததா மோர் இருந்ததா என்பதுகூட ஞாபகம் இருக்காது. நான் மண்ணில் கிடந்த பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்பா, சிதம்பரம் போலாமா?" என்றான்.

"நீ வண்டில உக்காரு. நான் பேசிக்கிறேன்."

மெஸ்ஸுக்குள் நான் போனபோது கூட்டம் குறைந்திருந்தது. கல்லாவில் ரத்தினம்மாள். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது. உள்ளே கடைசி மேசைகூடக் காலி. தங்கராசு பின்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இலக்கியா கதவுப் பக்கம் வந்து நின்றது.

"நீங்க அமெரிக்காவுல இருந்தீங்க. ஒத்துக்கறேன். சொன்ன வார்த்தையத் திருப்பி வாங்கிக்கிறேன்" என்றேன். இப்படி ஒரு வாக்கியத்தை என் வாழ்நாளில் நான் அதுதான் முதல் தடவை சொன்னது. "ஆனா நீங்க ஒன்ன மறைக்கிறீங்க. மூணு தடவ கேட்டேன், மூணு தடவையும் முறை வரலன்னு நிறுத்திட்டீங்க. ஏன் வரல?"

"அத விடுங்க மாமா."

"விடுற ஆளு நான் இல்ல."

தங்கராசு கத்தியைக் கீழே வைத்தார், சத்தமில்லாமல். மகளைப் பார்த்தார். "நீ உள்ள போம்மா."

"போவ மாட்டேன்" என்றது இலக்கியா.

"நமக்கு முன்னாடி நாலே வண்டி மாமா" என்று தங்கராசு ஆரம்பித்தார். "மூணு மணி நேரம் நின்னாச்சி. ஒருத்தன் குறுக்க வண்டிய நுழைச்சிட்டான். சண்டை. ஒருத்தன் மண்டை ஒடஞ்சிது. நான் விலக்கத்தான் போனேன். போலீசு வந்துச்சி. நின்னவங்க எல்லாத்துக்கிட்டயும் பேப்பரக் காட்டுன்னாங்க. எங்கிட்ட என்னா பேப்பரு இருக்குது? கப்பல்லேருந்து ஓடிப்போனவன். நாப்பத்தி ஒரு நாள் உள்ள வச்சிருந்து பிளேன் ஏத்தி அனுப்பிட்டாங்க. டாரத்தியம்மா கம்பிக்கு வெளிய நின்னு, 'வேன்ல பெட்ரோலு போட்டியா'ன்னு கேட்டாங்க. அழுதுகிட்டேதான் கேட்டாங்க. பிளாஸ்க்கு அந்த வேன்லயே போயிடிச்சி."

அவர் ஏன் வாசலைப் பார்த்தே உட்காருகிறார், காக்கிச் சட்டையை ஏன் கண் தொடர்கிறது என்பதெல்லாம் எனக்கு அந்த நிமிஷம் வரிசையாக விளங்கியது. எட்டு வருஷப் பழக்கம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: எங்கேயோ ஒரு சிறை இதில் இருக்கிறது என்று என் மூக்கு முதல் நாளே சொன்னது. இடத்தைத்தான் தப்பாகச் சொன்னது.

"இதுக்காப்பா எனக்கு இத்தன வருசமாப் பாதிக் கதையே சொன்னீங்க?" இலக்கியா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டது.

"உள்ள இருந்தவன் பொண்ணுன்னு சொல்லிடுவாங்கன்னுதாம்மா. இப்ப அதத்தான் சொல்றாங்க."

சொல்ல வைத்தவன் நான். எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பியது. நான் ஒரு முடிவுக்கு வந்தேன். என் மகனுக்கே தெரியாத சங்கதி அது.

"எண்பத்தி நாலுல என் வண்டி மாட்டுவண்டில இடிச்சி ஒரு கேஸு. மூணு நாள் நானும் உள்ள இருந்திருக்கேன். லாரிக்காரன் வீட்ல இதெல்லாம் சகஜம்" என்றேன். "கேப்பர் மலைக் கதைய நானே நாலு வீதியிலயும் போயி மாத்திச் சொல்றேன். அய்யனாருகிட்ட முதல்ல சொல்றேன். இப்ப சம்பந்தத்துக்கு வாங்க. நீங்க மாட்டேன்னு சொல்ல முடியாது."

"ஏன் முடியாது?" என்றார் ரத்தினம்மாள் கல்லாப் பக்கத்திலிருந்து.

"நான் இந்த வீட்ல கை நனைச்சாச்சி. உங்களுக்குத் தெரியாது. ஆடி மாசமே மாறுவேசத்துல வந்து இலை போட்டுச் சாப்புட்டுட்டுப் போயிருக்கேன்."

ரத்தினம்மாளுக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. "தெரியாமலா அண்ணே? கண்ணாடி போட்டீங்க, சரி. கைல இருந்த மஞ்சப் பைல தில்லையம்மாள் டிரான்ஸ்போர்ட், கடலூர் ஓ.டி.ன்னு கொட்டை எழுத்துல போட்ருந்துச்சே! உங்க பெரிய பொண்ணு கல்யாணத்துல குடுத்த பைன்னும் அதுலயே அச்சடிச்சிருந்துச்சி. சின்னையன் அதுக்கு முந்தின நாளுதான் அந்தப் பேரச் சொல்லிட்டுப் போனான்."

நான் கையைப் பார்த்தேன். அன்றைக்கும் அதே பைதான் கையில் இருந்தது.

"தெரிஞ்சேவா சோறு போட்டீங்க?"

"பசிச்சி வந்த ஆளுதான மாமா" என்றார் தங்கராசு. எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பு வந்திருக்க வேண்டும். இலக்கியா வேறு பக்கம் திரும்பிக்கொண்டது, தோள் மட்டும் குலுங்கியது.

"ஆனா காசு குடுத்துத் தின்னது கை நனைச்ச கணக்குல வராது" என்று ரத்தினம்மாள் எழுந்தார்கள். "பொண்ணுக்குச் சம்மதம்னா உள்ள இலை போடுறேன். அவளக் கேளுங்க."

என்னைக் கேட்கச் சொன்னார்கள்! மகனைக் கட்டிக்கொள்கிறாயா என்று நான் அந்தப் பெண்ணைக் கேட்க வேண்டியதாயிற்று. இலக்கியா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தது.

"வெளிய வண்டில உக்காந்திருக்கிறது யாரு மாமா? வெயில்ல."

"அறிவழகன்."

"அவுங்களையும் கூப்புடுங்க. ஒரு இலைக்கு ரெண்டு இலையாப் போட்டுடலாம்."

அப்படித்தான் அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை, தாம்பூலத் தட்டும் இல்லாமல், என் வீட்டுக்காரியும் இல்லாமல், நாங்கள் கை நனைத்தோம். தில்லையம்மாள் இன்னமும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். 2008 வைகாசியில் கல்யாணம். நாலு வீதியும் வந்தது. அய்யனார் கடைக்கு நான் சொன்னபடி போய், உரக்கவே சொல்லிவிட்டு வந்தேன். அய்யனார் அதற்கும், "யாரு கூடப் போயிப் பாத்தா?" என்றார். நான் பார்த்தேன் என்றேன், மண்ணில்.

தங்கராசு இப்போது மறுபடி மெஸ்ஸின் முன்பக்கம் உட்காருகிறார். வாசலைப் பார்த்துத்தான். பழக்கம் போகவில்லை. எங்கள் பேரனை மடியில் வைத்துக்கொண்டு பெட்ரோல் வரிசைக் கதையை மண்டை உடைந்தது வரைக்கும், நாற்பத்தொரு நாள் வரைக்கும் முழுசாகச் சொல்கிறார். அதற்கு நான் சாட்சி சொல்கிறேன்.

ஆனால் போன பொங்கலுக்கு ஒன்று சொன்னார் பாருங்கள். எழுபத்தைந்தாம் வருஷக் கிறிஸ்துமசுக்கு அமெரிக்காவில் ஒருத்தன் கூழாங்கல்லை எடுத்து, மூச்சு விடுவதற்கு ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிக்குள் வைக்கோல் பரப்பி வைத்து, நாய், பூனை மாதிரி வீட்டில் வளர்ப்பதற்கென்று விற்றானாம். ஜனங்கள் லட்சக்கணக்கில் வாங்கினார்களாம். டாரத்தியம்மாகூட ஒன்று வாங்கிக் கல்லாப் பக்கத்தில் வைத்திருந்தாராம்.

"மச்சான், இது வேணாம்" என்றேன்.

"சத்தியமா மாமா. சோறு வைக்க வேணாம், குலைக்காது, அதான் வசதின்னு சொல்லித்தான் வித்தான்."

நாள் விட்டு மூன்று தடவை கேட்டுவிட்டேன். நெளியவில்லை. பாதியில் நிற்கவும் இல்லை. இருந்தாலும் என் புத்திக்கு ஏறவில்லை. கிள்ளை பக்கம் லோடு போகும்போது, பிச்சாவரம் படகுத் துறையில் பத்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். இன்னும் தோதான வயசில் ஒரு அமெரிக்காக்காரர் அகப்படவில்லை.